சுத்தக்காவின் அழுக்கு

"நாற்பத்தோரு சதவீதம் அழுக்கு," என்றார் புரொபசர், காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "அதுவும் சாதாரண அழுக்கில்ல. மனுஷ அழுக்கு."

எதிரே நின்றவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை; சுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேசையைத் துடைத்துவிட்டு, துடைத்த துணியையும் துடைத்து வைக்கிற ரகம். அவளைப் பார்த்து அழுக்கு என்பது, மீனைப் பார்த்து உனக்கு நீச்சல் தெரியவில்லை என்பதுபோல.

"என்ன அழுக்கு சார்?"

"கெரட்டின். நம்ம தோல், முடி, நகம் எல்லாத்துலயும் இருக்கிற புரதம். ஒருத்தர் சும்மா நின்னாலே உடம்பிலேர்ந்து உதிரும். உங்க குழாய்க்குள்ள உதிர்ந்திருக்கு. நாம தயாரிக்கிற வைமென்டின் அதுல மூழ்கி, இருக்கிற இடமே தெரியல."

வைமென்டின் என்றதும் ஏதோ கசப்பு மருந்து என்று முகம் சுளித்துவிடாதீர்கள். கூடாரம் சாயாமல் கயிறு கட்டுவோம் இல்லையா, அதுபோல நம் உடம்பின் செல்களுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கயிறுகள் ஓடுகின்றன. இழுத்தாலும் நசுக்கினாலும் செல் கிழியாமல் காப்பவை அவைதான். அந்தக் கயிற்று வம்சத்தில் ஒன்று வைமென்டின்.

அது கயிறாகிற அழகே தனி. முதலில் இரண்டு இழைகள் ஒரே பக்கம் தலைவைத்து ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கிய இரண்டு ஜோடிகள், ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் கால் வருகிறாற்போல, கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொள்ளும். ஒரே பாயில் விருந்தாளிகளை அடுக்குவோமே, அப்படி. இந்த நாலு பேர் கூட்டம் எட்டு சேர்ந்தால் முப்பத்திரண்டு இழைகள் கொண்ட ஒரு குட்டைக் கட்டு. கட்டுகள் முனையோடு முனை கோத்துக்கொண்டே போனால் கயிறு. இதற்கு மேஸ்திரியும் வேண்டாம், மேற்பார்வையும் வேண்டாம். துளி உப்பு சேர்த்தால் போதும், அதுவே கட்டிக்கொள்ளும்.

அந்தக் கயிற்றைப் படம்பிடிக்கத்தான் புரொபசர் துடித்துக்கொண்டிருந்தார்.

"கெரட்டினும் அதே கயிற்று வம்சம்னு நீங்கதானே சார் ஒருநாள் சொன்னீங்க?" என்றாள் சுத்தக்கா, சமாதானத்துக்கு வழி தேடி.

"வம்சம் ஒண்ணுதான். ஆனா லேப்ல அதுக்கு மரியாதை கிடையாது. ரிப்போர்ட்ல கெரட்டின்னு பார்த்தா, யாரோ சொறிஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். உலகம் முழுக்க அப்படித்தான்." காகிதத்தை மடித்தார். "இன்னும் ரெண்டு தடவை பாருங்க. மூணாவதும் இப்படியே வந்தா உங்களைக் கீழ்த்தளத்துக்குத்தான் மாத்தணும்."

கீழ்த்தளம் என்றால் கண்ணாடிச் சாமான் கழுவும் இடம். அங்கே பத்து வருஷம் கழுவித்தான் அவள் மேலே வந்திருந்தாள். மேலே வந்து பன்னிரண்டு வருஷம். ஏறிய படியில் இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். முட்டிக்கும் சரி, மனசுக்கும் சரி.

அன்றைக்கே யுத்தம் தொடங்கியது. கைக்கு இரண்டு உறை, தலைக்கு உறை, வாய்க்கு உறை. மேசையை மூன்று முறை ஸ்பிரிட்டால் துடைத்தாள். ஆராய்ச்சி மாணவி யோசனையில் தலையைச் சொறிந்தாள்.

"சொறியறதா இருந்தா வராந்தாவுக்குப் போய்ச் சொறி கண்ணு."

"யோசிச்சேன்க்கா."

"யோசிக்கிறதையும் அங்கேயே வச்சுக்கோ."

வைமென்டினை உண்டாக்கும்படி தயாரித்து வெளியிலிருந்து அனுப்பியிருந்த பாக்டீரியா விதையைப் போட்டு மறுபடி வளர்த்தாள். உடைத்தாள். உள்ளே உண்டான புரதத்தை யூரியாவில் கரைத்து, போன தடவை ஒரு வடிகட்டலோடு விட்டதை இந்தத் தடவை இரண்டு முறை வடிகட்டினாள். பிறகு பையில் கட்டி மிதக்கவிட்டு, யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினாள். மூச்சுகூட அளந்துதான் விட்டாள்.

மூன்றாம் நாள் மெஷின்காரர் போன் செய்தார். எந்தக் குழாயில் என்ன புரதம் எவ்வளவு என்று சொல்லும் இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. ரயில் நேரம் அறிவிப்பவர் குரல் அவருக்கு.

"அறுபத்தெட்டு சதவீதம்."

"சுத்தமா?"

"கெரட்டின்."

புரொபசர் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தார். "கயிறுமில்ல, நூலுமில்ல. கொசுக்கூட்டம் மாதிரி புள்ளி புள்ளியா கிடக்கு. உப்பு போட்டீங்களா?"

"போட்டேன் சார்."

"இன்னும் கொஞ்சம்?"

"போட்டேன். கட்டிதட்டிப் போச்சு."

அவர் கீழே போகும் படிக்கட்டின் பக்கம் பார்த்தார், அவ்வளவுதான்.

அன்று மாலை வீட்டில் அவள் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் வேன் ஓட்டுபவர். சாதுவான மனிதர், கோபம் வந்தால் ஹாரனைக்கூட மெதுவாக அடிப்பார்.

"ஏங்க, தினமும் காலையில என்னைக் கொண்டுபோய் விடறீங்களே, எனக்குப் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கீங்க?"

"ஓட்டுறவன் பின்னாடி உட்கார முடியாதேம்மா."

"அப்போ உங்கமேல இருந்துதான் உதிருது."

"என்ன உதிருது?"

"நீங்கதான்."

அவர் தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் பின்சீட்டில், நடுவே பிளாஸ்டிக் திரை. அவருக்கு இரண்டு வேளைக் குளியல். கம்பளிப் போர்வை பரணுக்குப் போனது; அதுவும் முடிதானே. இடுப்பு வரை இருந்த தன் கூந்தலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். வெட்டும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை. நகத்தைச் சதைவரை ஒட்ட வெட்டியதில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போடவேண்டி வந்தது.

மூன்றாம் நாள் அவர் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்காதே," என்றார் அவர்.

"நான் ஒண்ணும் கேட்கலையே."

"முப்பது வருஷ மீசைம்மா."

"கீழ்த்தளத்துல எப்பவும் தண்ணி நிக்கும். எனக்கு முட்டிவலி வேற," என்றாள் அவள், பொதுவாகச் சுவரைப் பார்த்து.

பத்து நிமிஷம் கழித்துக் குளியலறையிலிருந்து யாரோ ஒருவர் வெளியே வந்தார். அவளுக்கே ஒரு கணம் முக்காடு தேடத் தோன்றியது.

"எப்படி இருக்கேன்?"

"உங்க தங்கச்சி மாதிரி இருக்கீங்க," என்றாள் அவள். பிறகு மனசு கேட்காமல், "நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

மூன்றாவது முறை. மழைக்கோட்டு, நீச்சல் கண்ணாடி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். பார்க்க வெள்ள நிவாரணத்துக்குப் புறப்பட்டவள்போல இருந்தாள். சின்ன அறையில் தன்னை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாள். மாணவி சாவித்துவாரம் வழியாகப் பேசினாள்.

"அக்கா, தண்ணி ஏதாவது வேணுமா?"

"வாயை அங்கிருந்து எடு. உன் உதடு உதிரும்."

நான்கு முறை வடிகட்டினாள். கண்ணாடிக் குழாய்களை அமிலத்தில் ஊறவைத்து எடுத்தாள். மூன்று நாள் வேலையை ஆறு நாள் எடுத்துச் செய்தாள். பார்வை மங்கிய கண் பார்த்தாலும் சொல்லும், அப்படி ஒரு தெளிவு அந்தக் குழாயில். தனக்குத் தெரிந்த வேலை இவ்வளவுதான், இதற்குமேல் ஒரு மனுஷியால் முடியாது என்று நினைத்துக்கொண்டு அனுப்பிவைத்தாள்.

போன் வந்தபோது புரொபசர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"தொண்ணூத்தேழு சதவீதம்," என்றது ரயில்வே குரல்.

யாரும் எது என்று கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

"கெரட்டின்," என்றது குரல் தானாகவே. பிறகு முதல்முறையாக அதில் ஈரம் தட்டியது. "என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான அழுக்கை நான் பார்த்ததே இல்லைம்மா. யார் பண்ணினது? கை கொடுக்கணும்போல இருக்கு."

புரொபசர் போனை வைத்தார். சுத்தக்காவின் குட்டை முடியைப் பார்த்தார், கட்டுப்போட்ட விரல்களைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட உதிர்றதுக்கு இன்னும் என்னதான் மிச்சம் இருக்கு?"

"அதான் சார் எனக்கும் தெரியல. நான் சுத்தம் பண்ணப் பண்ண அது ஏறுது."

"அழுக்குக்கு உங்கமேல ஒரு பாசம்," என்றார் அவர் பெருமூச்சோடு. மேசை இழுப்பறையைத் திறந்து மாற்றல் உத்தரவை எடுத்தார். கோபமாக எடுத்திருந்தால் அவளும் இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். அவர் வருத்தமாக எடுத்தார்.

அவள் தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். பன்னிரண்டு வருஷம் ஓர் அட்டைப்பெட்டியில் பாதிக்கு வந்தது. பெட்டியைத் தூக்க அவள் கணவர் வந்தார். புரொபசர் எழுந்து அவருக்கு வணக்கம் சொன்னார்.

"வாங்கம்மா, உட்காருங்க. சுத்தக்காவோட தங்கச்சியா?"

"வீட்டுக்காரர் சார்," என்றாள் சுத்தக்கா.

புரொபசர் பேனாவைத் திறந்து, அந்தத் திசையைப் பார்க்காமலே கையெழுத்துப் போடக் குனிந்தார். சுத்தக்கா பழக்கதோஷத்தில் அவர் மேசையின் ஓரத்தைத் துடைத்தாள். மாணவி கண்ணைக் கசக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்; அழுவதையும் அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

அவள் போன வேகத்தில் கதவு மறுபடி திறந்தது. எதிர் அறை ஆய்வுக்கூடத்து அம்மாள், கையில் ஒரு காலிக் குழாயோடு, கெஞ்சுகிற முகத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்ககிட்ட தொண்ணூத்தேழு சதவீத கெரட்டின் இருக்காமே, மெஷின்காரர் சொன்னார், எனக்குக் கொஞ்சம் குடுங்களேன், நம்ம ரெண்டு லேபுக்கும் பாக்டீரியா விதை ஒரே பெட்டியிலதான் வந்துச்சு, ஆனா நாங்க கெரட்டின் எடுக்க மூணு மாசமா தலைகீழா நிக்கிறோம், எப்படிச் சுத்தம் பண்ணினாலும் வைமென்டின்தான் கயிறு கயிறா வருது."