நான்கு குழாய்களின் நடுவே ஒரு நாற்காலி

"ஏனுங்க, அது பாடுமா, பாடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

சமையலறை வாசலில் நின்று சசிகலா கேட்ட இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் விடை சொல்லும் துணிவு தேவசிகாமணிக்கு இல்லை. அவர் பின்னறைத் தரையில் மண்டியிட்டு, இசைத்தட்டுப் பெட்டியின் அடியில் தலையை நுழைத்திருந்தார்.

"பாடற மாதிரிதானுங்க தெரியுது" என்றார்.

அவர் காப்பி எஸ்டேட் ஒன்றில் நெடுங்காலமாகக் கணக்கெழுதும் ரைட்டராக இருப்பவர். துரைமார் முதல் மேஸ்திரி வரை எல்லோருக்கும் 'ங்க' போட்டுப் பேசிப் பழகிய நாக்கு, வீட்டுக்கு வந்த பின்னும் ஓய்வு எடுப்பதில்லை. மனைவிக்கும் 'ங்க', அலுவலக வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் 'ங்க'.

"தெரியுது, தெரியுதுன்னு மாசக்கணக்கா இதையேதான் சொல்றீங்க. ஞாயித்துக்கெழமை அம்மா இங்கியே இருக்கற மாதிரி வரட்டும்னு இருக்கறேன். அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இது பாடிருச்சுன்னா ரூமு உங்களுக்கு. இல்லீன்னா அம்மாவுக்குக் கட்டில் போட்டுருவேன். இந்தப் பொட்டி கோழிக்கூண்டு மேல போயிரும்."

"சரிங்க."

"அம்மாகிட்ட நீங்களும் போன் போட்டு ஒரு வார்த்தை பேசிருங்களேன்."

"நீங்களே சொல்லிருங்க. நான் என்னத்தைங்க பேசறது?"

மலையின் மறுசரிவில் இருக்கும் மாமியாரிடம் பேசுவதென்றால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மணமான நாள் முதல் அவர் அந்த அம்மையாரிடம் பேசியவை இரண்டே வாக்கியங்கள். ஒன்று, 'நல்லா இருக்கறீங்களா?' மற்றொன்று, 'போயிட்டு வாங்க.' இரண்டாவதைச் சற்றே மலர்ச்சியோடு சொல்வார்.

எஸ்டேட்டின் பழைய பங்களாவை விடுதியாக மாற்றியபோது, குப்பையோடு போகவிருந்த அந்தப் பெட்டியையும் ஒரே ஓர் இசைத்தட்டையும் தேவசிகாமணி கேட்டு வாங்கி வந்திருந்தார். சாதாரணத் தட்டில் இடம், வலம் என இரண்டு வழிகளில்தான் ஒலி வரும். இதுவோ 'குவாட்ராஃபோனிக்' தட்டு. இதில் நான்கு வழிகள். அறையின் நான்கு மூலைகளிலும் ஸ்பீக்கர்களை உள்நோக்கி வைத்து, நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்தால், ஒரு மூலையில் எக்காளம், ஒரு மூலையில் முரசு, மற்ற இரண்டில் குழலும் மணியும் ஒலிக்க, ஒரு பேண்டு வாத்தியக் குழுவே நம்மைச் சூழ்ந்து நிற்பது போலிருக்குமாம். அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது.

அந்த அட்டைப் படத்தில் ஒரு வெள்ளைக்காரர், நான்கு பெட்டிகளின் நடுவே நாற்காலியில் சாய்ந்து, கண்களை மூடிப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். தேவசிகாமணிக்கு வேண்டியிருந்தது அந்தப் புன்னகை ஒன்றுதான். வாழ்க்கையில் எதன் நடுவிலும் அவர் இதுவரை அமர்ந்ததில்லை. குடும்பப் புகைப்படத்தில்கூட அவருடைய பாதி முகம்தான் விழுந்திருந்தது.

பெட்டி வந்த புதிதில், தட்டைச் சுழற்றும் பெல்ட் வெல்லப்பாகாக உருகிக் கிடந்தது. பஞ்சர் கடையில் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினார். தட்டு அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்றது, தேனீ கொட்டியவர்களைப் போல அதிலிருந்த பேண்டுக்காரர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். டியூபை மாற்றி வெட்டி அதைச் சரிசெய்தபோது, நான்கு வழித் தட்டுக்குத் தனி ஊசி வேண்டும் என்று கைப்பேசிக் காணொளி ஒன்றில் ஓர் இளைஞர் விளக்கினார். ஊசியை வரவழைத்தார். பார்சல்காரர் மலையேற மறுத்து அடிவாரத்திலேயே கொடுத்துவிட்டுப் போனார். தேவசிகாமணி அதைச் சட்டைப் பையில், நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மேல்தட்டிலிருந்த பலாப்பழம் உருண்டு, நேராக அந்த நெஞ்சின் மீதே இறங்கியது.

"அய்யோ, அடிபட்டுருச்சுங்களா?" என்று பதறினாள் பழத்துக்கு உரியவள்.

"பழத்துக்கு ஒண்ணும் ஆகலீங்களே? மன்னிக்கணுமுங்க" என்றார் தேவசிகாமணி, நொறுங்கிய ஊசியைத் தடவியபடி.

இன்னொரு ஊசிக்குச் சொல்லிவிட்டு, நான்கு ஒலிகளையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்றைச் சேலத்து மெக்கானிக் மரியதாஸிடம் செய்து வாங்கினார். அதைத் தன்னிடமிருந்த ஸ்பீக்கர்களோடு இணைத்துப் பார்த்தார். மெல்லிய புகை எழுந்தது. பிரிக்கும் பெட்டி தப்பியது; ஸ்பீக்கர்களோடு, அதே பிளக்கில் இருந்த டிவியும் போயிற்று.

"அதுவும் போச்சுங்களா?" என்றாள் சசிகலா. அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கோழிக்கூண்டின் மேல் இடத்தைப் பெருக்க ஆரம்பித்தாள்.

அன்று, சசிகலா வைத்த கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை. தேவசிகாமணி பக்கத்து ஊரான மஞ்சக்குட்டைக்குப் போய், மைக் செட் சின்னராஜின் முன் கைகட்டி நின்றார்.

"நாலு மூலைக்கு நாலு ஸ்பீக்கர் வேணுமுங்க. நாளைக்கு ஒரு பொழுதுக்கு மட்டும். உங்களுக்குச் சிரமமில்லீன்னா."

"இதுல என்னங்க ரைட்டரே சிரமம்? எத்தனை தேருக்கும் திருவிழாவுக்கும் கட்டுன கையி இது. நீங்க உங்க சோலியப் பாருங்க. வந்து பாக்கறப்ப அசந்துருவீங்க."

ஞாயிற்றுக்கிழமை அடிவாரம் போய், இரண்டாவது ஊசியை உள்ளங்கையில் ஏந்தியபடி திரும்பிய தேவசிகாமணி உண்மையிலேயே அசந்துவிட்டார். பின்னறையின் நான்கு மூலைகளும் காலியாக இருந்தன. வயர்கள் மட்டும் சன்னல் வழியாக வெளியே சென்றன. வீட்டைச் சுற்றியிருந்த நான்கு சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் நான்கு குழாய் ஸ்பீக்கர்கள், திசைக்கு ஒன்றாக வாயைத் திறந்துகொண்டிருந்தன.

"சின்னராஜுங்களே, குழாயெல்லாம் வெளியே பாத்துட்டு இருக்குதுங்களே?"

"பின்னே? உள்ள பாத்துக் கட்டுனா யாருங்க கேக்கறது?"

"நானுங்க."

சின்னராஜ் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு ஆளு கேக்கறதுக்கு நாலு குழாயா? உங்களுக்குக் காது நாலுங்களா ரைட்டரே? இந்த மலையில பொறந்த எவனாச்சும் குழாய ஊட்டைப் பாத்துத் திருப்புவானா?"

திருப்பிக் கட்டச் சொல்ல தேவசிகாமணி வாயெடுத்தார். மரமேறிச் சிராய்த்திருந்த சின்னராஜின் முழங்கை கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாட வேண்டும் என்பதுதானே நிபந்தனை. எந்தப் பக்கம் பார்த்துப் பாட வேண்டும் என்று சசிகலா சொல்லவில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு ஊசியைப் பொருத்தினார். நாற்காலியில் அமர்ந்தார். கண்களை மூடினார்.

தட்டு பாடியது. மலையே அதிர்ந்தது. அவருக்கு மட்டும் கம்பளிக்குள் படுத்துக் கேட்பது போலிருந்தது.

மரியதாஸின் பெட்டி தன் கடமையைப் பழுதின்றிச் செய்திருந்தது. நான்கு ஒலிகளும் ஒன்றோடொன்று சற்றும் கலவாமல் பிரிந்திருந்தன. மேற்கே பார்த்த குழாயில் வெறும் எக்காளம். அந்தப் பக்கத்தார் கல்யாணம் என்று எண்ணினார்கள். கிழக்கே பார்த்த குழாயில் வெறும் முரசு, அதுவும் அடி அடியாக, நிறுத்தி நிறுத்தி. அந்தப் பக்கத்தார் வேறு விதமாக எண்ணினார்கள். இந்தப் பக்கங்களில் ஒரு வீட்டு மரத்தில் குழாய் ஏறினால், அழைக்கவில்லையே என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் போய் நிற்பதுதான் முறை.

முதலில் வந்தவர் கிழக்குச் சரிவு வெங்கடாசலம். தோளில் துண்டு, கையில் ரோஜா மாலை. வாசலுக்கு வந்த தேவசிகாமணியைக் கண்டு அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"ஏனுங்க ரைட்டரே... நீங்க இருக்கறீங்களா?"

"மன்னிக்கணுமுங்க. இருக்கறனுங்க."

"அப்ப யாருங்க போனது?"

அவர் விடை சொல்வதற்குள் மேற்குச் சரிவிலிருந்து அமுதா தன் குடும்பத்தோடு, வண்ணத்தாள் சுற்றிய சுவர்க் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"பொண்ணுக்குக் கல்யாணம்னு ஒரு சொல்லுச் சொல்லலீங்களே அண்ணா! மாப்பிள்ளை எந்த ஊருங்க?"

"மலரு கோயமுத்தூர்ல பரீட்சை எழுதிட்டு இருக்குதுங்க."

"பரீட்சை நாள்ல எதுக்குங்க முகூர்த்தம் வெச்சீங்க?" என்று அமுதா கேட்கும்போதே வெங்கடாசலத்தின் கையிலிருந்த மாலையைப் பார்த்துவிட்டாள். "மாப்பிள்ளைக்கு மாலை கூட வந்துருச்சு!"

"அது மாப்பிள்ளைக்கு இல்லீங்க அம்முணி" என்றார் வெங்கடாசலம் சங்கடத்துடன். "இவருக்குக் கொண்டாந்தது."

வாசல் நிறைந்தது. அழ வந்தவர்கள் ஒரு பக்கமும் வாழ்த்த வந்தவர்கள் மறுபக்கமும் நின்று ஒருவரையொருவர் வெறித்தார்கள். உள்ளே சசிகலா இருந்த பாலையெல்லாம் அடுப்பில் ஏற்றினாள். தட்டு முடிந்ததும் ஊசி பொருத்திய கை தானாகவே எழுந்து தொடக்கத்துக்குத் திரும்பியது. அதை நிறுத்தும் விசை துருப்பிடித்து ஒட்டியிருந்தது. பேண்டுக்காரர்கள் மறுபடியும் முழங்கினார்கள். சின்னராஜ் ஓடி வந்து வயரைப் பிடுங்கியபோது, மூடுபனிக்குள் மேலும் சில ஜீப் விளக்குகள் வளைவேறிக்கொண்டிருந்தன.

"ரைட்டரே, மைக்கு இருக்குது. விசேஷம் ஒண்ணுமில்ல, யாரும் வராதீங்கன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நாலு குழாய்லயும் கேக்கும்."

தேவசிகாமணி மைக்கை வாங்கினார். சொல்ல வேண்டியது அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் எதிரே மாலையோடு ஒருவர், கடிகாரத்தோடு ஒருத்தி, குளிரில் முக்காடிட்ட இத்தனை முகங்கள்.

"வணக்கமுங்க. ரைட்டர் தேவசிகாமணி பேசறனுங்க. நம்ம ஊட்டுல கல்யாணம் இல்லீங்க. நான் சாகவும் இல்லீங்க. அதுக்கு மன்னிக்கணுமுங்க." இங்கே நிறுத்தியிருக்கலாம். "ஆனாப் பொறப்பட்டவங்களைத் திரும்பிப் போங்கன்னு சொல்றது மரியாதை இல்லீங்க. பெரியவங்க, தாய்மாருங்க, சொந்தபந்தம் எல்லாரும் வந்து, சாப்பிட்டு, சௌகரியப்பட்ட வரைக்கும் இருந்துட்டுத்தான் போகணுமுங்க."

பழக்க தோஷத்தில் சின்னராஜ் எக்கோவைத் திருப்பிவிட்டார். 'இருந்துட்டுத்தான், இருந்துட்டுத்தான்' என்று சேர்வராயன் மலை முழுவதும் வழிமொழிந்தது.

அதன்பின் வந்தவர்களைத் தேவசிகாமணி எண்ணவில்லை. உப்புமா கிண்டிக் கிண்டிக் கை சோர்ந்த சசிகலா, கரண்டியோடு பின்னறை வாசலில் வந்து நின்றாள். அவர் நாற்காலியைப் பற்றிக்கொண்டு, தீர்ப்பைக் கேட்க நிற்பவர் போல நின்றார்.

"பாடிருச்சுங்க. பொழுது சாயறதுக்குள்ள பாடிருச்சு. சொன்ன சொல்லை மாத்த மாட்டேன். ரூமு உங்களுக்கே." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மாவையும் காணோம்" என்றாள்.

தேவசிகாமணி நாற்காலியில் அமர்ந்தார். கண்களை மூடினார். அட்டைப் படத்துப் புன்னகை அவருடைய உதட்டின் ஓரத்தில் மெல்லப் பூக்கத் தொடங்கியது.

வாசலில் ஒரு ஜீப் நின்றது.

"மாப்ள!"

மாமியார் ராசம்மாள் உள்ளே வந்தார். கக்கத்தில் கோழி, பின்னால் டிரைவர் சென்றாயனின் தலையில் தகரப் பெட்டியும் பாய்ச்சுருளும். அந்த அம்மையாரின் கண்கள் கலங்கியிருந்தன. தேவசிகாமணி துள்ளி எழுந்தார்; அவர் எழுந்த நாற்காலியில் ராசம்மாள் அமர்ந்தார். நான்கு மூலைகளையும் நிறைவாகப் பார்த்துவிட்டு, சாய்ந்து, கண்களை மூடிப் புன்னகைத்தார். அச்சு அசல் அதே புன்னகை.

தேவசிகாமணி சென்றாயனை மெல்ல வெளியே அழைத்து வந்தார்.

"ஏனுங்க சென்றாயன், அத்தை இன்னிக்கு வர்றதுன்னு முன்னாடியே முடிவானதுதானுங்களே?"

"எங்கீங்க! அவங்க மக எத்தனையோ தடவை ஜீப்பு அனுப்பியும், 'மாப்ள வாயால ஒரு வார்த்தை கூப்பிடாத ஊட்டுப் படிய நான் மிதிக்கவே மாட்டேன்'னு திருப்பித் திருப்பி அனுப்பிட்டே இருந்தவங்க, இன்னிக்கு மைக்குல நீங்க கூப்பிட்டதுக்கப்புறந்தானுங்க பொட்டியே கட்டுனாங்க!"