ஆடிப்பெருக்கன்று மின்னிய புழு

பதற்றக்காரர்கள் கையில் எதையாவது கொடுத்துவிட வேண்டும். சிலருக்குப் பேனா மூடி, சிலருக்கு நகம். எனக்குத் தாலிக் கயிறு. கல்யாணத்துக்கு முன்னால் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தவள், பிறகு கயிற்றுக்கு மாறிக்கொண்டேன். (பதவி உயர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்போது நான் பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் மாட்டுப் புழுவோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். மாட்டின் ஈரலுக்குள் புகுந்து அதைச் சல்லடையாக்கும் தட்டைப்புழு. அதன் உடம்பில் ஒரு புரதம். அதைக் கண்டதும் மாட்டின் உடல் எதிர்ப்புக் காட்டும். தடுப்பூசிக்கு ஆகுமா என்று பார்க்க, அந்தப் புரதம் புழுவின் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். புழுவை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் மருந்தை ஊற்றினால், அது இருக்கும் இடம் மைக்ராஸ்கோப்பின் நீல வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். இடம் தெரிந்தால் திட்டம் தொடரும். இல்லையென்றால் நான் வீட்டில் உட்கார்ந்து வடாம் பிழியலாம். (வடாமும் எனக்கு வராது.)

திட்டத்தைத் தொடரலாமா என்று பார்க்க மேலிடத்துக் குழு வந்த நாள், ஆடிப்பெருக்கு. மேனாம்பேடு வீட்டில் விடிந்ததுமே அத்தை, அதாவது என் மாமியார், புதுக் கயிற்றோடு நின்றார்.

"அத்தை, பஸ் போயிடும்!"

"போனா இன்னா? அடுத்தது வரும். ஆடிகினே இருந்தா எப்டி கட்டறது?"

கட்டியதோடு விடவில்லை. தானே காயவைத்து அரைத்த மஞ்சளைக் குழைத்துக் கயிறு முழுக்க அப்பினார். ஆவடி வழியாகப் போன பஸ்ஸில் ஸீட் கிடைத்தும் நான் உட்காரவில்லை. கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றேன்.

ஆய்வகத்தில் கண்ணாடிகளுக்கு மருந்து ஊற்றி, ஈரப் பெட்டியில் வைத்து மூடினேன். ஊறும்வரை இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன், கயிற்றைத் திருகுவேன். கடைசியில் புழுத் துண்டின்மேல் மெல்லிய மூடு கண்ணாடியை வைக்கும்போது, கையுறை வழுக்குகிறது என்று கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் வைத்தேன்.

இருட்டறையில் கண்ணை வைத்துப் பார்த்தால், புழு முழுக்கப் பச்சை! தீபாவளிதான். என் வழிகாட்டி மேடம் பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்கப் பொறுமை ஏது? நேராகப் போய்க் குழுத் தலைவரையே கூட்டிவந்துவிட்டேன். மேடம் பின்னாலேயே ஓடிவந்தார்.

"புரதம் எங்கம்மா இருக்கு?"

"எல்லா எடத்துலயும் சார்!"

"அப்படியா. மருந்து ஊத்தாத ஸ்லைடக் காட்டுங்க."

ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த அது இருட்டாக இருக்க வேண்டும். அதுவும் தீபாவளி கொண்டாடியது. அவர் கண்ணாடியை ஓரத்துக்கு நகர்த்தினார். புழுவே இல்லாத இடத்தில், சுழிசுழியாக, பச்சையாக ஒரு கைரேகை.

"இந்தப் புழுவுக்குக் கட்டைவிரல் உண்டா?" என்றார்.

மேடம் என் விரலைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். "மஞ்சளும் இந்த வெளிச்சத்துல பச்சையா மின்னும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன். கை தானாகக் கயிற்றுக்குப் போனது. மேடம் தட்டிவிட்டார்.

குழு சாயங்கால டீ வரை இருக்கும். சீவிவைத்த துண்டுகள் மிச்சம் இருந்தன. கயிற்றைக் கழற்று என்று சொல்ல மேடத்துக்கு வாய் வரவில்லை. கழற்ற எனக்கும் மனம் வரவில்லை. கழுத்தைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டேன். கையைத் தோல் உரியத் தேய்த்துக் கழுவி, கையுறைமேல் கையுறை. எதிரே வந்தவர்கள் எல்லாம் "கழுத்துல என்னம்மா அடி?" என்று துக்கம் விசாரித்தார்கள்.

இந்த முறை மேடம்தான் முதலில் பார்த்தார். ஸ்லைடை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. பிறகு நகர்ந்து இடம் கொடுத்தார். புழு முழுக்க இருட்டு. அதன் குடலோரமாக மட்டும் மெல்லிய ஒரு பச்சைக் கோடு. மருந்து ஊற்றாத ஸ்லைடில் ஒன்றுமே இல்லை. தலைவர் டீயை வைத்துவிட்டு வந்து பார்த்துத் தலையாட்டினார். திட்டம் பிழைத்தது.

அத்தை வருத்தப்படுவாரோ என்று தயங்கித்தான் வீட்டில் சொன்னேன். வருத்தமாவது! மறுநாள் தெரு முழுக்கச் செய்தி.

"எங்கூட்டு மஞ்சள லேபுல வெச்சிப் பாத்துகீறாங்க. அப்டியே ஜொலிக்குதாம். கலப்படம் இருந்தா ஜொலிக்குமா?"

அன்றிலிருந்து அக்கம்பக்கத்தார் கடை மஞ்சளைப் பொட்டலம் கட்டி, "இதையும் கொஞ்சம் பாத்து சொல்லும்மா" என்று என்னிடம் நீட்டுகிறார்கள்.

இன்றும் வண்டிச் சாவியைக் காணோமென்று நான் அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தால், அத்தை உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார்.

"இன்னாத்துக்கு ஊட்டையே பொரட்டிகினு கீற? மொதல்ல உன் கட்டவெரலப் பாரு."

பார்ப்பேன். பெரும்பாலும் சாவி அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.