பேசும் தராசும் மூன்று ஒட்டுகளும்

"ஒன்பது கிலோ நானூறு கிராம்" என்று தராசு இனிமையான பெண் குரலில் அறிவித்தது. தட்டில் கிடந்தது ஒரே ஒரு வஞ்சிரம். இரண்டு கிலோ தேறினால் அதிகம்.

காசிமேடு மீன் சந்தையில் அந்தக் குரல் நாலு கடைக்குக் கேட்டது. வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்திருந்த அம்மாள் தட்டைப் பார்த்தாள், மங்கம்மாவைப் பார்த்தாள், பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள்.

மங்கம்மா இருபத்தாறு வருஷமாக அதே இடத்தில் மீன் விற்கிறவள். எடை விஷயத்தில் அவளை யாரும் ஒரு சொல் சொன்னது கிடையாது. தராசுக்குப் பின்னால் நின்றிருந்த ரகுபதியின் பக்கம் அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"இன்னா நைனா, உன் மிஷினு என்னைத் திருடின்னு ஊருக்கே மைக் வெச்சு சொல்லுது?"

ரகுபதி குனிந்து தராசைத் தட்டிப் பார்த்தான். திருவொற்றியூரில் பேசும் தராசு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவன்தான் ஒரே கர்னல் எஞ்சினியர். தராசுக்குள் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. அதன் மென்பொருளில் அடிமட்டத்தில் கிடந்து, கீழே உள்ள இரும்போடும் சில்லுகளோடும் நேரடியாகப் பேசுகிற பகுதிக்குப் பெயர் கர்னல். எடையை அளந்து சொல்லும் மின்சுற்றுப் பலகையோடு பேசுவதற்கென்றே கர்னலுக்குள் ஒரு டிரைவர் உண்டு. அதை எழுதியவன் ரகுபதி.

பத்துத் தராசுகளை வெள்ளோட்டத்துக்குச் சந்தையில் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை வியாபாரிகள் சங்கம் கூடி, மொத்தச் சந்தைக்கும் இதே தராசா, அல்லது பத்தையும் மூட்டை கட்டி அனுப்புவதா என்று முடிவு செய்யும். அன்று திங்கட்கிழமை.

டிரைவரில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, நாளைக்குள் சரிசெய்துவிடுகிறேன் என்று ரகுபதி சமாதானம் சொன்னான்.

"எந்த டிரைவரு? ஐஸ் வண்டி ஓட்றானே, அவனா?" என்றாள் மங்கம்மா. "அவன் இன்னைக்கு வரவே இல்லியே."

அலுவலகத்துக்குத் திரும்பி, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு கேரியர், முதலாளி பரசுராமனின் ஹெல்மெட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டில் வைத்து வைத்துப் பார்த்தான். மூன்று மணிக்குக் குட்டு உடைந்தது. பத்து விநாடி யாரும் தொடாவிட்டால் எடைப் பலகை தூங்கிவிடுகிறது. எழுப்பினால், தூங்குவதற்கு முன் கடைசியாக நிறுத்ததை ஒரு தடவை சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொல்கிறது. வஞ்சிரத்துக்கு முன்னால் மங்கம்மா ஒரு கூடை இறாலை நிறுத்திருந்தாள்.

ஆக, தப்பு தன்னுடையதல்ல. ரகுபதிக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது. பலகையைச் செய்து கொடுத்தது மாதவரத்தில் ஒரு பட்டறை. அவர்களைக் கூப்பிட்டுப் பேசிவிடலாமே என்றார் பரசுராமன்.

"ஹார்டுவேர்க்காரங்களைக் கெஞ்சினா ஆறு மாசம் ஆவும் சார். அந்தப் பலகை அப்பிடித்தான். நம்ம கர்னல்ல நாலு வரி எழுதி சமாளிச்சிரலாம்."

எழுதினான். அதுதான் முதல் ஒட்டு. தூங்கி எழுந்ததும் பலகை சொல்லும் முதல் எடையைக் காதில் வாங்காமல் எறிந்துவிடு. அவ்வளவுதான். அந்த நாலு வரிக்கு மேலே, 'இது பலகையின் குற்றம், நம்முடையதல்ல' என்று ஒரு குறிப்பும் போட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை தராசு புது யோக்கியதையோடு சந்தைக்கு வந்தது. ஆனால் மங்கம்மாவின் கை வேகம் ரகுபதியின் கணக்கில் இல்லை. மீனைத் தட்டில் போட்டு, கண் மூடித் திறப்பதற்குள் தூக்கிவிடுவாள். முதல் எடையைக் கர்னல் எறிந்துவிட்டு இரண்டாவதைக் கேட்பதற்குள் மீன் தட்டில் இல்லை.

"பூஜ்யம் கிலோ, பூஜ்யம் கிராம்" என்றது தராசு, பெரிய கொடுவா ஒன்றுக்கு.

அப்படியானால் இதைச் சும்மாவே கொடுத்துவிடேன் என்று வாங்க வந்தவர் கையை நீட்டினார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். மங்கம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் இரண்டாவது ஒட்டு. எந்த எடையையும் உடனே நம்பாதே. அடுத்தடுத்து இரண்டு தடவை ஒரே எடை வந்தால் மட்டும் வாயைத் திற. கேரியருக்கும் ஹெல்மெட்டுக்கும் அது அற்புதமாக வேலை செய்தது.

புதன்கிழமை மங்கம்மா கடையில் நண்டு. உயிர் நண்டு, ஒரு கூடை நிறைய. ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்ததில் அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக அமையவே இல்லை. தராசு வாயே திறக்கவில்லை. ஆறு பேர் வரிசையில் நின்று அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்டு செத்தால் பேசுமா என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார்.

மங்கம்மா அன்று ஒன்றும் திட்டவில்லை. பக்கத்துக் கடையில் பழைய தராசை இரவல் வாங்கி நிறுத்துப் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ரகுபதிக்கு. சனிக்கிழமை சங்கத்தில் முதல் பேச்சு அவளுடையது. தராசு திரும்பி வந்தால் கம்பெனியில் பதினோரு பேருக்கும் வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று பரசுராமன் சாயங்காலம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மூன்றாவது ஒட்டு ரோஷத்தில் பிறந்தது. பலகை தூங்குவதால்தானே இத்தனை பேஜாரு? தூங்கவே விடாதே. இமைப்பொழுதும் ஓயாமல் எடை கேட்டுக்கொண்டே இரு. கேட்டதைச் சொல்லிக்கொண்டே இரு.

வியாழக்கிழமை தராசுக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. மங்கம்மா தட்டைத் துடைத்தால் துணிக்கு எடை சொன்னது. கையை ஊன்றினால் கைக்குச் சொன்னது. காக்கை ஒன்று தட்டில் வந்து உட்கார்ந்தது. "முந்நூற்றுப் பத்து கிராம்" என்ற குரலைக் கேட்டு அது அலறிக்கொண்டு பறந்துபோக, "பூஜ்யம்" என்று வழியனுப்பி வைத்தது. ரகுபதி போய்ச் சேர்ந்தபோது தராசின் வாயில் ஈரச் சாக்கை அடைத்து, மேலே கிழிந்த வலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"காலைலேர்ந்து பேசிகினே கீது, நைனா" என்றாள் மங்கம்மா. அவள் குரல் கம்மியிருந்தது. "என் மாமியார் கூட நடுவுல மூச்சு வுடுவா. இத்தோட போதும். பழைய தராசே எனுக்குப் போதும்."

அன்றே ரகுபதி மாதவரத்துக்குக் கிளம்பினான். பஸ்ஸில் உட்கார்ந்து மூன்று பக்கப் புகார் எழுதினான். பலகை என்னென்ன அக்கிரமம் செய்கிறது, அதனால் ஒரு நேர்மையான வியாபாரியின் பெயர் எப்படிக் கெட்டது, ஒரு கம்பெனி எப்படி மூழ்கப்போகிறது என்று எல்லாம் அதில் இருந்தது.

பட்டறையில் பலகைக்கு மென்பொருள் எழுதுகிறவள் ஞானசெல்வி. முப்பது வயது இருக்கும். புளிசாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே அரைப் பக்கம் கேட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து கணினியைத் திறந்தாள். மூன்று வரியை அழித்தாள். ரகுபதி அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த, ஒட்டு எதுவும் போடாத தராசில் அதை ஏற்றிவிட்டு, தன் சாப்பாட்டு டப்பாவைத் தட்டில் வைத்தாள்.

"நானூற்று இருபது கிராம்" என்றது தராசு. பத்து விநாடிக்கு மேல் தூங்கவிட்டு மூடியை மட்டும் வைத்தாள். மூடியின் எடையைச் சொன்னது. மறுபடி தூங்கவிட்டு எழுப்பினாள். மறுபடியும் சரி.

மீதி இரண்டரைப் பக்கத்தை என்ன செய்வதென்று ரகுபதிக்குத் தெரியவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் நாலு நாளாக உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. காரணம் கேட்டால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்து, அவள் கொடுத்த பென் டிரைவை வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். தன் மூன்று ஒட்டுகளையும் பிய்த்தெறிந்தான். வெள்ளிக்கிழமைக்குள் பத்துத் தராசும் தயார். இன்னும் ஒரே ஒரு நாள் பார் என்று மங்கம்மாவின் காலில் விழாத குறையாகக் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்தான்.

சனிக்கிழமை காலை மங்கம்மா நாற்பத்தேழு பேருக்கு நிறுத்துப் போட்டாள். வஞ்சிரம், சங்கரா, நண்டு, இறால், எதற்கும் தராசு பிசகவில்லை. திங்கட்கிழமை போன வண்ணாரப்பேட்டை அம்மாள் வந்து இரண்டு கிலோ வாங்கி, பக்கத்துக் கடையில் மறு எடை போட்டுப் பார்த்து, திரும்பி வந்து இன்னும் ஒரு கிலோ கேட்டாள். மங்கம்மா தலைநிமிர்ந்து வெட்டிக் கொடுத்தாள்.

பதினோரு மணிக்குச் சங்கம் கூடியது. மிஷினு நல்லாத்தான் கீது, வெச்சிக்கலாம் என்று மங்கம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மொத்தச் சந்தைக்கும் அதே தராசு என்று முடிவானது. பரசுராமன் வெளியே வந்து ரகுபதியின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவேயில்லை.

ரகுபதி ஒரு காலி ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்தான். கடல் காற்று இதமாக இருந்தது. இந்த உலகத்தில் யார் மேலும் அவனுக்குக் கோபம் இல்லை. ஞானசெல்வியைக் கூப்பிட்டு நன்றி சொன்னான். பெருந்தன்மை பொங்கியதில் பேச்சு அத்தோடு நிற்கவில்லை. தப்பு எல்லாருக்கும் வருவதுதான், அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆறுதலும் சொன்னான். ஆனாலும் தூங்கி எழுந்ததும் பழைய எடையைச் சொல்லச் சொல்லி அந்த மூன்று வரியை எழுதிய புத்திசாலி யார் என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

ஞானசெல்வி மரியாதையாகவே பதில் சொன்னாள்.

"எழுதினது நான்தான் சார். ஆனா போன வருஷம் உங்க டிரைவரு முதல் எடைய முழுங்கிகினு இருந்துச்சு, 'அதை நான் திருத்துற வரைக்கும் அது முழுங்கறதுக்குன்னு ஒரு பழைய எடைய முன்னாடி அனுப்பி வைம்மா'ன்னு மெயில் போட்டதே நீங்கதான். திருத்திட்டேன்னு சொல்ற மெயிலுதான் இன்னும் வரல."