முதல் பக்கத்தில் கொலையாளி

என் சொந்தப் பெரியப்பாவைக் கொலைகாரர் என்று அச்சடித்து, முந்நூறு பிரதி போட்டு, அதை அவர் கையாலேயே வெளியிடவும் வைத்தவள் நான். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்தப் பெருமை கிடையாது.

எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது மன்னார்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். (இப்போதும் அதேதான். எழுத்து என்னை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.) இரண்டு கோடை விடுமுறைகளைத் தின்று ஒரு மர்ம நாவல் எழுதினேன். பெயர் 'ஏழாவது கிளை'. ஒரு பண்ணைக் குடும்பம், அதன் ஐந்து தலைமுறை வம்சாவளி, சொத்துக்காகத் தம்பியைக் கொன்ற அண்ணன். யார் கொன்றது என்பது கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும்.

பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். மூன்று பேர் பதிலே போடவில்லை. நான்காமவர், "தங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். நான் அனுப்பியிருந்தது டைப் செய்த பிரதி. சரி, நாமே போட்டுவிடுவோம் என்று தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தைப் பிடித்தேன்.

இங்கேதான் வினை. எழுத ஆரம்பித்தபோது பாத்திரங்களுக்குப் பெயர் யோசிக்கச் சோம்பல். உறவுமுறை குழம்பக் கூடாதென்று எங்கள் வீட்டுப் பெயர்களையே தற்காலிகமாக வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒரு வம்சாவளி மரம் வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே எனக்கு மட்டும் புரிகிற மாதிரி குறிப்பு எழுதிவைத்தேன். நாவல் முடிந்ததும் எல்லாப் பெயர்களையும் மாற்றினேன். புத்தகத்தின் முதல் பக்கத்துக்கென்று குறிப்பில்லாத சுத்தமான மரம் ஒன்றும் வரைந்தேன். ஒரு ஃபைலின் பெயர் 'மரம் கடைசி', இன்னொன்று 'மரம் புதுசு'. எது எது என்று மறந்துபோய், தப்பானதை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ப்ரூஃப் வந்தபோது இருநூறு பக்கத்தையும் ஒற்றுப்பிழைக்காக மூன்று முறை படித்தவள், மரத்தை மட்டும் பார்க்கவில்லை. படம்தானே!

அப்புறம் விளம்பரம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தாராசுரம் கோயில் முன்னால் புத்தகத்தோடு நின்று வீடியோ எடுத்தேன். வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம் என்னைக் கோயில் வழிகாட்டி என்று நினைத்து வரிசையாகப் பின்னால் வந்து நின்றது. வீடியோவைப் பார்த்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் பாதி நான். கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: "நம் வம்சத்தின் ரகசியம் புத்தகமாக வருகிறது. யார் அந்தக் கொலையாளி? முதல் பக்கத்தில் முழு வம்சாவளி உண்டு!" தங்கள் பெயரும் அச்சில் வந்திருக்கும் என்று நம்பி அத்தனை சொந்தமும் கிளம்பிவிட்டது.

விழா தஞ்சாவூரில் ஓர் ஓட்டல் மாடியில். நாற்பது உறவுக்காரர்கள், இரண்டு வாசகர்கள். (அந்த இருவரும் பக்கத்து ஹாலில் நடந்த நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது.) வெளியிட வந்தவர் ராமலிங்கம் பெரியப்பா, என் அப்பாவின் அண்ணன். எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது வயலில் மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்து அப்பா இறந்துபோனார். அன்றிலிருந்து என்னைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்ததும், காலேஜுக்கு அனுப்பியதும், கல்யாணப் பந்தலில் தாரைவார்த்ததும் பெரியப்பாதான்.

அவர் மேடையில் ரிப்பனைப் பிரித்தார். கீழே எல்லோர் கையிலும் ஆளுக்கொரு பிரதி. நான் சொல்லியிருந்தபடியே நாற்பது பேரும் முதல் பக்கத்தைத் திறந்தார்கள்.

முதலில் சத்தம் போட்டது கோமதி அத்தை, அப்பாவின் தங்கை.

"என்னடி இது? 'கோமதி: சந்தேகத்தைத் திசைதிருப்ப மட்டும். கதைக்குத் தேவையில்லை.' நான் தேவையில்லையா?"

"என்னைய நாலாம் அத்தியாயத்துல தீத்துரலாம்னு போட்டிருக்கு," என்றார் சித்தப்பா. "எனக்கு சுகர் இருக்குன்னு தெரிஞ்சேதான் எழுதினியா?"

நான் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். ஏனென்றால் அடுத்த வரி என்னவென்று எனக்குத் தெரியும். மேடையில் பெரியப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பெயருக்குக் கீழே: 'ராஜகோபால்: பிணம்.' பக்கத்தில்: 'ராமலிங்கம்: கொலையாளி. கடைசி வரை நல்லவர் மாதிரி காட்ட வேண்டும்.'

அவர் புத்தகத்தை மூடினார். மைக்கில், "பிள்ளை கஷ்டப்பட்டு எழுதியிருக்கு. எல்லாரும் வாங்கிப் படிங்க," என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். ஐம்பது பேருக்குச் சொல்லியிருந்த கேசரி அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் மன்னிப்பை மனப்பாடம் செய்திருந்தேன். பெரியப்பா கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அமுதா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. உங்கப்பா போனப்பவே ஊர்ல சில பேர் பேசினாங்க, நெலத்துக்காகத்தான்னு. நீயும் இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தியா?"

ஊரில் அப்படியொரு பேச்சு இருந்ததே எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது. "பேர் வைக்கச் சோம்பல் பெரியப்பா. டைப் பண்ண ஈஸியா இருந்துச்சு," என்று உளறினேன். ஒரு மனிதனின் முப்பது வருட வேதனைக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

அவர் வாய்க்கால் மடையைக் காலால் அடைத்துவிட்டுச் சொன்னார்.

"அன்னிக்கு மோட்டார் போட நான்தான் போயிருக்கணும். இடுப்பு வலிக்குதுடா, நீ போன்னு அவன அனுப்பினேன். ராத்திரி மழையில கொட்டகை ஒழுகி சுவிட்சு நனைஞ்சிருந்தது. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நேத்து பேருக்குக் கீழ அந்த வார்த்தையப் பாத்ததும், பிள்ளைக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

நான் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அது உங்க தப்பு இல்ல பெரியப்பா," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. கிளம்பும்போது, "ஒரு புஸ்தகம் வச்சுட்டுப் போ," என்றார்.

நான்காம் நாள் போன் வந்தது.

"படிச்சு முடிச்சுட்டேன். சித்திரை மாசத்துல தம்பிய வெண்ணாத்துல தள்ளி மூழ்கடிச்சிருக்கியே, சித்திரையில வெண்ணாத்துல ஏதும்மா தண்ணி? மேட்டூர் அணையே வைகாசி கடைசியிலதான் தொறப்பான். அவன் மணல்ல விழுந்து, தட்டிவிட்டுக்கிட்டு எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருப்பான். நம்மூர்ப் பொண்ணு எழுதலாமா இத?"

இருநூறு பக்கம் தாங்கி நின்ற கொலை ஒரு நிமிடத்தில் உயிர்பிழைத்து எழுந்துவிட்டது. நான் சிரித்தேன். அந்தப் பக்கம் அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு அவரே இதைக் கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிக் காட்டினார். அந்தக் கொல்லைப் பேச்சை மட்டும் நாங்கள் இருவரும் மறுபடி எடுக்கவேயில்லை. விற்காத பிரதிகள் என் வீட்டு பீரோவுக்கு மேல் இருக்கின்றன. விற்றவற்றில் கோமதி அத்தை வாங்கியது பதினொன்று. வேறு யாரும் படித்துவிடக் கூடாதென்று வாங்கினாள்.

பெரியப்பா போன வருடம் போய்ச் சேர்ந்தார். சித்திரை மாதம். அஸ்தி கரைக்க வெண்ணாற்றில் இறங்கினால் கண்ணுக்கெட்டின தூரம் வரை மணல். கால் பொசுக்கியது. ஆட்கள் ஊற்றுத் தோண்ட, இடுப்பளவு ஆழத்தில்தான் ஒரு குடம் கலங்கல் தண்ணீர் ஊறியது. எல்லோரும் அந்தக் குழியைச் சுற்றித் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தபோது கோமதி அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, ஆளையே முக்கிக் கொல்ற அளவுக்கு உன் நாவல்ல தண்ணி ஓடுச்சே? அதுல கொஞ்சம் இங்க வுட்டா என்ன?"

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு பெரியம்மா. கடைசியில் அந்த மணலில் நின்ற அத்தனை பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். இப்போதெல்லாம் ஆறு வறண்டால் குடும்ப குரூப்பில் எனக்கு யாராவது ஒரு செய்தி அனுப்பிவிடுகிறார்கள்: "டீச்சர், தண்ணி இல்ல. ஒரு அத்தியாயம் எழுதுங்க."