ஆறு படத்துக்குப் பேர் போட்ட விவரம்

அரநாயக்க,
திங்கட்கிழமை.

கொழும்பில் அடுத்தவர் கல்யாணங்களை வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும் என் தங்கை மகன், மருமகன் சுதாகரனுக்கு, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை கன்னையா மாமா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மா விஜயகலாவும் சுகம். கூரையும் சுகம், மழை வரும்வரை. அங்கே உனக்கும் உன் கேமராவுக்கும் முருகன் துணை.

நீ பென் டிரைவில் அனுப்பிய ஆறு படங்களையும் பார்த்து முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி அபிப்பிராயமும் எத்தனை நட்சத்திரம் என்றும் எழுத்தில் கேட்டிருந்தாய். நட்சத்திரம் எனக்குச் சரிவராது. நாள் முழுக்க ரப்பர் பால் வெட்டினால் முழுப் பேர், மழை வந்து பாதியில் நின்றால் அரைப் பேர் என்று காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் முப்பத்தொரு வருஷம் நாள் கூலிக்குப் பேர் போட்ட கை இது. படத்துக்கும் அப்படியே போட்டிருக்கிறேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுத எழுத வாசிக்கிறாள். எழுத்துப்பிழை பார்க்கிறாளாம்.

முதலாவது, கொலைகாரனைத் தேடுகிற படம். ஊரே காட்டில் தேடும்போது ஒருத்தன் மட்டும் எல்லாருக்கும் முன்னால் "இந்தப் பக்கம் வாங்க, அந்தப் பக்கம் வாங்க" என்று ஓடுகிறான். பத்தாவது நிமிஷமே ஆளைப் பிடித்துவிட்டேன். நம் தோட்டத்தில் ரப்பர் ஷீட் காணாமல் போனபோது ஸ்டோரை மூன்று தரம் தேடிக் கொடுத்தவன்தான் எடுத்தவன். படத்து இன்ஸ்பெக்டருக்கு இது விளங்க இரண்டரை மணி நேரம். அரைப் பேர். அதுவும் ஓடி ஓடித் தேடினவனுக்கு. இரண்டாவது பேய்ப் படம். புருஷன், பெண்டாட்டி, ஒரு பிள்ளை, பதினாலு அறை வீடு. மாடியில சத்தம் கேட்குது, கதவு தானாத் திறக்குது, அதுக்கு ஒரே கூப்பாடு. நாங்க தோட்டத்து லயத்துல ஒத்தை அறைக் காம்பராவுல எட்டுப் பேர் படுத்தோம். பேய் வந்திருந்தா நிக்க இடமில்லாம, "கொஞ்சம் தள்ளிப் படுங்க"ன்னு கேட்டிருக்கும். பேர் இல்லை.

மூணாவது வெளிநாட்டு மர்மப் படம், கீழே சிங்களத்துல எழுத்து ஓடுது. எனக்குக் கடையில, பஸ்ஸுல பேசுற சிங்களம் தண்ணி பட்ட பாடு. இது பாடப்புத்தகச் சிங்களம், ஒரு சொல்லை வாசிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்குது. அதனால போன் ரீலோட் போடுற கடைப் பையன் பயாஸைக் கூப்பிட்டு வாசிச்சுச் சொல்லச் சொன்னேன். புருஷனும் பொண்டாட்டியும் பத்து நிமிஷம் மூச்சு விடாம பேசுறாங்க, கண்ணாடி உடையுது, அவ அழுவுறா. "என்ன தம்பி சொல்றாங்க?"ன்னேன். "ஒண்ணுமில்ல ஐயா, சும்மா குடும்பப் பிரச்சின"ன்னான். கடைசியில ஒருத்தன் சாகப்போற நேரத்துல ஏதோ ரகசியம் சொல்றான். பயாஸ் வாயில கைய வச்சுக்கிட்டு "யா அல்லாஹ்!"ன்னான். என்னன்னு கேட்டா, "அதச் சொன்னா படத்துட ருசி போயிரும் ஐயா"ன்னான். இன்னைக்கு வரைக்கும் சொல்லல. அவன் சொன்ன பிறகு பேர் போடுறேன்.

நாலாவதும் பேய்ப் படம். பாதியில கரண்ட் போயிருச்சு. அதுவரைக்கும் வந்த பேயை விட அந்த இருட்டுதான் பயமா இருந்துச்சு, முழுப் பேரும் இருட்டுக்கு. அஞ்சாவதுல ஒரு கிழவனும் கிழவியும் படம் முழுக்க ஒருத்தருக்கொருத்தர் பேசுறதே இல்ல. கடைசியில அவ பெரிய மீன் துண்டை அவன் தட்டுல வைக்கிறா, அவன் அதைப் பாதியாக்கி அவ தட்டுல வைக்கிறான். அவ்வளவுதான் கதை. உன் அத்தை போனதுக்கப்புறம் எனக்கு இப்படி வலிச்சது இல்ல. முழுப் பேர்.

ஆறாவது இருபத்திரண்டு நிமிஷப் படம். எடுத்தவன் பேரே இல்லை. ஆனா அதுல வர்ற கங்காணி போட்டிருக்கிறது தீபாவளியிலிருந்து நான் தேடிக்கிட்டிருக்கிற என் காக்கிக் கோட்டு. உடனே திருப்பி அனுப்பவும். "யாரு எடுத்ததுன்னு தெரியாம மாமாவுக்குப் பிடிச்சா படம் எடுக்கப் போறேன், பிடிக்கலேன்னா பேங்க் வேலையில சேர்ந்துர்றேன்"னு நீ உங்கம்மாகிட்ட சத்தியம் பண்ணினதும் எனக்குத் தெரியும். பலாக்காய்க் கறியோட வந்து அவதான் சொன்னா. கறி நல்லா இருந்துச்சு. படத்துல குறை இருக்கு. விடியுறதுக்கு முன்னால போக வேண்டிய பால் வெட்டுற பொம்பள வெயில் ஏறினப்புறம் மலைக்குப் போறா, எந்தத் தோட்டத்துல? கத்தியைத் தேங்காய் உடைக்கப் போறவ மாதிரி பிடிக்கிறா. மகளோட பரிசளிப்பு விழாவுக்குப் போக முன்னால, பால் வாடை போகணும்னு எலுமிச்சங்காய் போட்டுக் கையைத் தேய்க்கிறா, தேய்க்கிறா, மூணு நிமிஷம் தேய்க்கிறா. விழாவுல எல்லாரும் கைதட்டுறாங்க, இவ கையை முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. மகள் மேடையிலிருந்து பார்த்த பிறகுதான் தட்டுறா. இதைச் சொல்ல இருபத்திரண்டு நிமிஷமா? அரைப் பேர்.

ஆகையால் ஒன்றாம் தேதி கேகாலைக்குப் போய் வேலையை ஏற்றுக்கொள்ளவும். மின்விசிறி, நாற்காலி, பென்ஷன் எல்லாம் உண்டு என்று உன் அம்மா எழுதச் சொன்னாள். காலாகாலத்தில் உனக்கும் கல்யாணம் நடந்து, அதை வேறு யாராவது வீடியோ எடுக்க, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் மாமா
கன்னையா

பின்குறிப்பு: இதைத் தபால் கந்தோரில் நின்று எழுதுகிறேன். கவரை இன்னும் ஒட்டவில்லை, உன் அம்மா வீட்டில் இருக்கிறாள். நேற்று அவள் உன் படத்தை மூன்று தரம் பார்த்தாள். மூன்றாம் தரம் அந்தக் கைதட்டுகிற இடத்தில் தன் கையை மோந்து பார்த்தாள். உன் பரிசளிப்பு விழாவிலும் அவள் கைதட்டவே இல்லை. பக்கத்தில் இருந்த நான், தங்கச்சிக்குப் பெருமை தெரியவில்லை என்று நினைத்தேன். நீ மேடையில் நின்று பார்த்திருக்கிறாய். நேற்றுத்தான் எனக்கு அது விளங்கி வெட்கமாகப் போய்விட்டது. படம் முடிந்த பிறகுதான் அவள், "அண்ணே, அரைப் பேர் போட்டுருங்கண்ணே, எம்புள்ள நெழல்ல உட்காந்து வேல செய்யட்டும்" என்று அழுதாள்.

முப்பத்தொரு வருஷத்தில் மழை பெய்தால்தான் நான் அரைப் பேர் போட்டிருக்கிறேன். நேற்று மழை பெய்தது உன் அம்மா கண்ணில். மேலே எழுதின அரைப் பேர் அந்த மழைக்கு, படத்துக்கு முழுப் பேர். கத்தி பிடிக்கிற விதத்தை மட்டும் அவளிடமே கேட்டுத் திருத்து. கோட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம், அடுத்த படத்துக்கு வேண்டியிருக்கும்.