அம்மா படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டை

சிகமோர் ஓடை, கென்டக்கி
செவ்வாய்க்கிழமை, மழை

அன்பும் மரியாதையும் மிக்க வெர்டி அக்காவுக்கு, தம்பி எஸ்கோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ஜெட்டாவும் கோழிகளும் கர்த்தர் கிருபையால் சுகம். ஓஹையோவில் நீயும் அத்தானும் உன் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். நிற்க, உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

போன வாரம் கோழித் தீவனம் வாங்க டவுனுக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது, மழை வேறு பிடித்துக்கொண்டது, ஒதுங்கலாமென்று நூலகத்துக்குள் நுழைந்தேன். அங்கே அந்தக் காலத்து மலைநாட்டு வாழ்க்கை என்று சுவர் முழுக்கப் பழைய புகைப்படங்கள். சுரங்கத்திலிருந்து கரி முகத்தோடு வருகிறவர்கள், சோளம் உரிக்கிறவர்கள், ஓடையில் ஞானஸ்நானம் வாங்குகிறவர்கள் என்று பார்த்துக்கொண்டே போனால், கடைசியில் நம் வீட்டு முன்தாழ்வாரம், அதில் அம்மா, பக்கத்தில் வெறுங்காலோடு நான். கீழே ஒரு அட்டை: ‘பெயர் தெரியாத மலைநாட்டுத் தாய். பசியும், சொல்ல முடியாத துயரமும்.’

ஓர்லீனா சைஸ்மோரின் பெயர் தெரியாதாம், அக்கா. இந்த ஓடைக்கரையில் அம்மா கையால் பிஸ்கட் தின்னாத வாய் உண்டா? அந்தப் படம் எடுத்த வாரம் நீ அத்தை வீட்டில் இருந்தாய். கேமராக்காரர் வந்ததும் முதல் வேலையாக, தாழ்வாரத்தில் தொங்கிய உப்புப்போட்ட பன்றித் தொடை படத்துக்குச் சரிவராது என்று கழற்றச் சொன்னார். ரேடியோவைக் கதவுக்குப் பின்னால் தள்ளினார். என் சட்டையில் பொத்தான் எல்லாம் சரியாக இருக்கிறதென்று ஒன்றைத் திறந்துவிட்டார். எல்லாம் முடிந்ததும் அதே பன்றித் தொடையில் பெரிய துண்டாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பசி என்றால் அது அவருடைய பசிதான்.

இதையெல்லாம் அங்கே வேலை செய்கிற கேரன் என்ற பெண்ணிடம் விளக்கும்போது கைத்தடியால் சுட்டிக்காட்டினேன். தடி கொஞ்சம் அதிகமாகச் சுட்டிவிட்டது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கத்துப் படத்திலிருந்த பிரசங்கியார் கண்ணாடியோடு தரைக்கு வந்தார். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்து, கிழவர் தாயை நினைத்து நிலைகுலைந்துவிட்டார் என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, யாரோ ஒரு அம்மாள் என் தலையில் கைவைத்து ஜெபிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். கேரன் நல்ல பெண். அட்டையை மாற்றுகிறேன் என்றாள். பேரை எழுதிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள், “துக்கம் இல்லேன்னா, அவங்க முகம் ஏன் தாத்தா அப்படி இருக்கு? உதட்ட இறுக்கிக்கிட்டு, கண்ணெல்லாம் தளும்பிக்கிட்டு?”

இங்கேதான் அக்கா சிக்கல். காரணம் எனக்குத் தெரியும். மனதைத் திடப்படுத்திக்கொள். அம்மா புகையிலைத் தூள் அடக்கியிருந்தாள். கீழுதட்டுக்குள் ஒரு பெரிய சிட்டிகை. அடக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த நேரம் பார்த்து, அந்த மனுஷன் அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேமராவோடு மல்லுக்கட்டினார். அந்நியர் முன்னால் துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் அம்மா நின்ற நிலைதான் அந்தச் சொல்ல முடியாத துயரம். கார் ஓடையைத் தாண்டியதுமே கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஓடித் துப்பிவிட்டு, தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் என் காதைப் பிடித்து, “வெர்டிகிட்ட மூச்சு விடாதடா. அவ பிரசங்கியாருக்கே பிரசங்கம் பண்றவ” என்றாள். இத்தனை வருஷமாக விடவில்லை.

நீயோ புகையிலைக்கு எதிராகக் கூட்டம் போட்டு, அம்மாவின் சுத்தமான வாழ்க்கையைப் பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்கிறவள். உன்னை நினைத்துத்தான் கேரனிடம் பல்வலி என்றேன். நேற்றுப் போய்ப் பார்க்கிறேன், புது அட்டை: ‘ஓர்லீனா சைஸ்மோர். வைத்தியம் பார்க்க வழியின்றிப் பல்வலியால் துடிக்கும் ஏழைத் தாய்.’ பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பரிதாபப்பட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அம்மாவை யாரும் பாவம் என்று சொல்லி நான் கேட்டதில்லை, அவளும் கேட்டிருக்க மாட்டாள். உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நீ சரி என்றால் சொல்கிறேன், கூடாது என்றால் பல்வலியே இருக்கட்டும். ஜெட்டாவோ, எல்லாத்துக்கும் அக்காவைக் கேட்கிற உனக்கு வாய் எதுக்கு என்கிறாள்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும் நல்ல பல்லும் தருவாராக.

என்றும் உன் சொல் தட்டாத தம்பி,
எஸ்கோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கேரன் வந்து போனாள். சபையில் அம்மா பக்கத்தில் உட்காருவாளே டெல்ஃபா, தொண்ணூறு வயதில் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு படம் பார்க்கப் போயிருக்கிறாள். அட்டையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “பல்வலியாவது ஒண்ணாவது! அந்த உதட்டப் பாரு. அது என் டப்பாத் தூளு” என்றாளாம். மூன்றாவது அட்டை ஏறிவிட்டது, ஜனங்கள் அம்மாவோடு சேர்ந்து சிரிக்கிறார்கள். ஆகவே உன் அனுமதி இனி வேண்டாம். டெல்ஃபா இன்னொன்றும் சொன்னாளாம்: “எங்க ரெண்டு பேருக்கும் கடைக்குப் போயி வாங்கிட்டு வர்றது வெர்டிப் பொண்ணுதான். எஸ்கோவுக்குத் தெரிஞ்சா ஊருக்கே சொல்லிடுவான்னு பாவாடைக்குள்ள ஒளிச்சுக் கொண்டுவரும்.” பதில் எழுது அக்கா.