பதினாலு குரோம் பட்டை

புதுக் காரின் டிரைவர் கதவில் ஒட்டிய குரோம் பட்டை, கதவின் நடு மடிப்புக்கு மேலே முன்னால் இரண்டு விரல் உயரத்தில் தொடங்கி, பின்னால் நாலு விரல் உயரத்தில் போய் முடிந்திருந்தது. ரேலு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். எந்தக் கண்ணுக்கும் அது நேராகத் தெரியவில்லை.

"என்னங்க, அது மேட்டுல ஏறுது!" என்று மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து மனைவி மியோரா கத்தினாள்.

"அது டிசைன்டி!"

"அப்ப பின்கதவுல இருக்கிறது மட்டும் ஏன் பள்ளத்துல இறங்குது?"

ரேலு முதுகைத் திருப்பிக்கொண்டார். தெகூச் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற மனிதருக்கு, கோடு நேராக இருக்கிறதா என்று சொல்ல ஒரு பெண்பிள்ளையின் உதவி எதற்கு?

செவ்வாய்க்கிழமைதான் அந்தக் காரை எடுத்திருந்தார். கடையில் இருந்ததிலேயே மலிவானது, பேஸ் மாடல். அது ஒன்றும் குற்றமில்லை. வண்டியை எடுத்த கையோடு கலாட்ஸ் நகரத்தில் இருக்கும் மைத்துனன் ஃபனேலுக்குப் போன் போட்டு, "டாப் மாடல் எடுத்துட்டேன் மாப்ள" என்று அளந்தாரே, அதுதான் குற்றம்.

ஃபனேல் போன வருஷம் இதே காரை வாங்கியிருந்தான். 'டாப் மாடல்' என்று சொல்லாமல் அவன் எந்த விருந்திலும் சூப்பில் கரண்டி வைத்ததில்லை. கதவு, கைப்பிடி, கண்ணாடி, சக்கர வளைவு என்று அவன் வண்டி நாலு பக்கமும் குரோமாக மின்னும். ஈஸ்டருக்கு வந்தவன் ரேலுவின் பழைய வண்டியைச் சுற்றிவந்து, "இன்னும் மூச்சு வருதா அத்தான்?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்த எரிச்சல் ரேலுவுக்கு இன்னும் அடங்கவில்லை.

இப்போது அந்த ஃபனேல் நாளை ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறான். புது வண்டி வாங்கினால் பாதிரியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளிக்க வேண்டும், பிறகு சொந்தக்காரர்கள் கூடிக் குடிக்க வேண்டும். இதில் எங்கள் ஊரில் யாருக்கும் விலக்குக் கிடையாது. ரேலுவின் வண்டியோ இறக்கை பிடுங்கிய கோழி மாதிரி மொட்டையாக நின்றது. ஃபனேல் கண்டுபிடித்துவிட்டால், இனி எந்தக் கல்யாணத்திலும் ரேலு தலை நிமிர்ந்து உட்கார முடியாது.

ஆகவே சந்தைக்குப் போய், பதினாலு பட்டைகள் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கிவந்தார். எது எங்கே போகும் என்பதற்கு ஃபனேல் வண்டியின் போட்டோ இருந்தது. பெட்டிக்குள் ஐந்து மொழிகளில் செய்முறைத் தாளும் இருந்தது. அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

கோணல் பட்டையைப் பிய்த்தார். பட்டை வந்தது, பசை வரவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, மேலே போய் மியோராவின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துவந்து தேய்த்தார். பசை போனது. கூடவே பெயின்ட்டின் பளபளப்பும் போய், உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த தேமல் ஒன்று வந்து சேர்ந்தது.

"பட்டையக் கொஞ்சம் மேல தூக்கி ஒட்டினா மறைஞ்சிடும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

தேமல் மறைந்தது. ஒரு கதவில் பட்டை கதவின் இடுப்புக்கு ஏறிவிட்டதால், மற்ற மூன்று கதவுகளிலும் இடுப்புக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. அங்கேயும் பிய்த்தார், தேய்த்தார். பிய்த்த பட்டையில் பசை எங்கே இருக்கும்? கொஞ்ச நேரம் பேருக்குப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, நாலும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வீட்டு மிஷூ சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு வந்தார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். கேட்காமலே யோசனை சொல்வதற்கென்றே பிறவி எடுத்தவர்.

"பசையெல்லாம் பொம்மைக்கு. ஸ்குரூ அடி."

"புது வண்டியிலயா மிஷூ?"

"பின்ன பழசுலயா அடிப்பாங்க? இரு, டிரில்லு எடுத்தாறேன்."

மூளை என்று ஒன்று இருந்தால் அப்போதே வீட்டுக்குள் ஓடியிருக்கலாம். ரேலு பட்டையைப் பிடித்துக் கொடுத்தார். கதவுக்கு இரண்டாக எட்டு ஓட்டை. வாங்கி ஐந்து நாள் ஆகாத கார், மிஷூவின் டிரில்லுக்கடியில் பல் பிடுங்கப்படுகிறவனைப் போல ஓலமிட்டது.

"இப்ப பாரு, யானை இழுத்தாலும் வராது" என்றார் மிஷூ.

பட்டை வரவில்லைதான். ஜன்னல் கண்ணாடியும் கீழே வரவில்லை. உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஸ்குரூ முனையில் இடித்துப் பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்ததாகக் கைப்பிடிக்குக் குரோம் உறை போட்டார்கள். அது சிக்கிக்கொண்டதில் டிரைவர் கதவு திறக்க மறுத்தது.

"எப்படி மிஷூ உள்ள போறது?"

"அந்தப் பக்கமா ஏறித் தவழ்ந்து போ. உனக்கென்ன வயசா ஆயிடுச்சு?"

ரேலுவுக்கு ஐம்பத்தெட்டு வயது.

ஞாயிறு காலை கோயில் மணி அடிக்கும்போதும் அவர் வண்டிப் பக்கத்தில்தான் இருந்தார். பக்கக் கண்ணாடிக்கு இரண்டு மூடி, சக்கர வளைவுக்கு நாலு விளிம்பு பாக்கி.

"ஞாயித்துக்கிழமை வேலை செய்யாதீங்க, பாவம் வந்து சேரும்!" என்று மியோரா முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டிக்கொண்டே மேலிருந்து கத்தினாள்.

"இது வேலையில்லடி, அலங்காரம்!"

கடைசி விளிம்பையும் ஒட்டி முடித்த திருப்தியில், டம்ளருக்கடியில் இருந்த தாளை எடுத்துக் கை துடைக்கப் போனவர், முதல் தடவையாக அதைப் படித்தார். ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது என்று ஐந்து மொழியிலும் போட்டிருந்தது. தலை நிமிர்ந்தபோது, ஃபாதர் பம்ஃபில் தண்ணீர் வாளியும் துளசிக் கொத்துமாக எதிரே நின்றார்.

"ஃபாதர், கொஞ்சமாத் தெளிங்க. பேருக்கு ரெண்டு சொட்டு போதும்."

"ஆசீர்வாதத்தை என்ன சொட்டு மருந்துன்னு நெனச்சியா? ஆக்ஸிடென்ட் கொஞ்சமாவா வருது?"

கொத்தை வாளிக்குள் முக்கி எடுத்து, பானெட்டில் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று ஓங்கி அடித்தார் ஃபாதர். இடப்பக்கக் கண்ணாடியின் மூடி கழன்று, 'ப்ளக்' என்று வாளிக்குள்ளேயே விழுந்தது.

ஃபாதர் குனிந்து பார்த்தார். "நான் எத்தனையோ வண்டி மந்திரிச்சிருக்கேன் ரேலு. காணிக்கை போட்ட முத வண்டி இதான்."

துடைத்துத் திரும்ப ஒட்ட நேரமில்லை. தெருமுனையில் ஃபனேலின் ஹாரன் கேட்டது. ரேலு ஈர மூடியைக் கண்ணாடியில் வைத்து ஒரு கையால் அமுக்கினார். தொங்கிய சக்கர விளிம்பை முழங்காலால் அழுத்தினார். அப்படியே ஒற்றைக்காலில் நின்று, சிரிப்பையும் வரவழைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தைவிட ஃபனேலின் கேலி பெரிதாகத் தெரிந்தது.

ஃபனேல் வண்டியை வாசலுக்குக் கொண்டுவரவில்லை. தெருக்கோடியில் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். கேக் தட்டோடு அவன் மனைவி லுமினிட்சா பின்னால் வந்தாள். ரேலுவின் காரை அவன் ஒரு சுற்றுச் சுற்றினான். கேலி இப்போது வரும், இதோ வரும் என்று ரேலு பல்லைக் கடித்துக் காத்திருந்தார். வரவில்லை. ஃபனேலின் முகம்தான் வெளுத்துக்கொண்டே போனது.

"அத்தான், இது டாப் மாடல்தானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"இல்ல, இத்தனை குரோம்..."

"எல்லாம் கம்பெனியிலயே போட்டுக் குடுத்தது மாப்ள."

"ஸ்குரூ மட்டும் என்னோடது" என்றார் மிஷூ, விதைத் தோலைத் துப்பிவிட்டு.

ரேலுவுக்கு உயிரே போய்விட்டது. பேச்சை மாற்றக் குப்பைத்தொட்டிப் பக்கம் பார்வையை ஓட்டியவர் திகைத்துப்போனார். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஃபனேலின் காரில் ஒரு குரோம் கூட இல்லை. கதவெல்லாம் கீறல், கீறலுக்கு நடுவே திட்டுத்திட்டாகப் பசை.

"உன் வண்டியில இருந்த பட்டையெல்லாம் எங்க மாப்ள?"

ஃபனேல் தன் ஷூவைப் பார்த்தான். ஃபாதர் வாளியைக் கீழே வைத்தார்.

கேக் தட்டைப் பானெட்டின்மேல் டொக்கென்று வைத்தாள் லுமினிட்சா. "நல்லாக் கேளுங்கண்ணே! டாப் மாடல்ல பட்டையே வராதாம், நெசமான டாப் மாடல் வாங்கின நீங்க பாத்தா எங்களோடது சந்தைப் பட்டை ஒட்டின பேஸ் மாடல்னு தெரிஞ்சுபோயிடுமாம், அதான் மூணு நாளா உக்காந்து ஒவ்வொண்ணாச் சுரண்டி எடுத்தாரு!"